என் மகளுக்கு இல்லாத வீசிங்

போன மாதம் எங்கள் பள்ளியில் இப்போது நான்காம் வகுப்பு எடுக்கும் இளம் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளைகளை மூன்று நாள் சுற்றுலா அழைத்துப் போகிறார்களாம். பெற்றோரின் சம்மதம் இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. ஒரு கட்டத்தைத் தொட்டால் முடிந்தது. "ஒரே நாள்ல பாதிப் பேருக்கு மேல ஓகே குடுத்துட்டாங்க மேடம். உங்க காலத்துல எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டார். எப்படி வாங்கினோம் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினேன். என் சொந்த மகளுக்கான படிவத்தில் நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மணவூர். இரண்டு வருஷம் திருவள்ளூரில் ஆசிரியர் பயிற்சி. அதில் இன்று நினைவிருப்பது கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றதும், திரும்பி வரும் ரயிலில் நின்றபடியே தூங்கக் கற்றதும்தான். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த வருஷமே மலையடிவாரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயே சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன்.

என் தலைமையாசிரியை ராஜேஸ்வரி அம்மா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "சொல்லுங்க" என்றுதான் கேட்பார். யாருக்காவது முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையில் இரண்டு பக்கமும் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொள்வார். அதற்குள் எதிரில் நிற்பவருக்கே பதில் தெரிந்துவிடும்.

பொங்கல் முடிந்ததும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவோம். இரண்டு இரவு அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கல். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கடலைப் பார்த்ததில்லை. அம்மாவை விட்டு ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. அதனால் சம்மதப் படிவத்துக்கு ராஜேஸ்வரி அம்மா சில விதிகள் வைத்திருந்தார். படிவத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. அம்மாவோ அப்பாவோ பள்ளிக்கு வர வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். முன்பக்கம் பெயர், முகவரி, உடல்நலக் கட்டம். பின்பக்கத்துக்கு நாங்கள் 'இராப் பக்கம்' என்று பெயர் வைத்திருந்தோம். பிள்ளை ராத்திரியில் என்ன செய்யும், படுக்கையை நனைக்குமா, பேசுமா, எதற்குப் பயப்படும், விழித்துக்கொண்டால் யாரைக் கூப்பிடும் என்று அம்மா சொல்லச் சொல்ல அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வோம். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

இன்னொரு விதி உடல்நலக் கட்டத்துக்கு. அதில் ஒன்றை எழுதிவிட்டால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை அடிக்க முடியாது. நான் சேருவதற்கு முந்தைய வருஷம் ஓர் அம்மா 'வலிப்பு உண்டு' என்று எழுதியிருந்தாராம். பஸ் கிளம்பும் நேரத்தில் பிள்ளை அழவே, அதை அடித்துவிட்டு ஏற்றிவிட்டார். வழியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் பிறகு பஸ் வாசலில் ராஜேஸ்வரி அம்மா எந்தப் படிவத்திலும் பேனாவை வைக்க விட்டதில்லை.

ஆசிரியைகளுக்கும் ஒரு விதி இருந்தது. சொந்தப் பிள்ளை போகும் வருஷம் அந்த ஆசிரியை கூடப் போகக் கூடாது. "நம்ம கொழந்த பஸ்ல இருந்தா, மத்த கொழந்தைங்க ரெண்டாவதா போயிடுங்க" என்பார்.

பல வருஷம் அந்தச் சுற்றுலாவை நான்தான் நடத்தினேன். விசில் என் கழுத்தில், பெயர்ப் பட்டியல் என் கையில். என் மகள் நித்யா மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம் இரண்டும் வசந்திக்குப் போயின.

வசந்தி சோளிங்கரிலிருந்து வந்து சேர்ந்து அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயது இளையவள். பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்தபடியே திரிவார்கள். மதியம் அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாளோ அங்கே ஒரு கூட்டம் தட்டோடு நகரும். நான் பாடம் நன்றாக நடத்துவேன். என் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் தடுமாற மாட்டார்கள். ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் ஓடி வந்ததில்லை. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்து பழகியிருந்தேன். நித்யா அவள் வகுப்புக்குப் போனபோதுதான் முடியாமல் போனது.

நானும் டீச்சர்தான். ஆனால் எங்கள் வீட்டில் 'டீச்சர்' என்றால் வசந்தி. "டீச்சர் தயிர் சோத்துல மாதுளம்பழம் போட்டு சாப்டுவாங்க." "டீச்சருக்கு பச்ச கலர்தான் புடிக்கும்." ஒரு நாள் பின்னல் போடும்போது, "நீ போட்றது இறுக்கமா இருக்குதும்மா. டீச்சர் போட்டா வலிக்கவே வலிக்காது" என்றாள். என் மகளின் தலையை அவள் எப்போது பின்னினாள்? மத்தியானம் அவிழ்ந்துவிட்டதாம், பின்னிவிட்டாளாம். நான் அடுத்த வகுப்பறையில்தான் இருந்தேன். ஒரு சுவர்தான் நடுவில்.

அந்த வருஷம் சம்மதம் வாங்க நான் போன வீடுகளில் ஒன்று கே.ஜி.கண்டிகையில் இருந்தது. என் நான்காம் வகுப்பில் படித்த பவானியின் வீடு. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா கஸ்தூரி கழனி வேலைக்குப் போவாள். கரும்புக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கொயந்த இதுவரிக்கும் என்ன உட்டுட்டு ஒரு ராத்திரி படுத்தது கெடையாது டீச்சர். நீங்க கடலாண்ட இட்டுகினு போறேன்றீங்கோ" என்றாள்.

பவானி கதவுக்குப் பின்னால் நின்று, "நைனா போவச் சொல்லிச்சுமா" என்றாள்.

"உங்க நைனாவுக்கு இன்னா தெரியும், அது சவாரிக்கு பூடும். ராவெல்லாம் முழிச்சிகினு கெடக்கப் போறது நானு."

இந்த மாதிரி அம்மாக்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ஆறு பிள்ளைக்கு ஒரு டீச்சர், கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்க விடமாட்டோம், இரண்டு வேளை போன் செய்வோம் என்று வரிசையாகச் சொன்னேன். கஸ்தூரி எதற்கும் அசையவில்லை. கடைசியில், "என் பொண்ணும்தான் போறா. எட்டு வயசு, பவானிய விடச் சின்னவ. நானும் கூடப் போகல. பயம் இருந்தா அவள நான் அனுப்புவேனா?" என்றேன்.

கஸ்தூரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க அனுப்புறீங்கன்னா சரி டீச்சர். உங்கள நம்பித்தான்" என்று கையெழுத்துப் போட்டாள். இராப் பக்கத்தில் நான் எழுதிக்கொண்டது இதுதான்: என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும், ஒரு பழைய புடவை கொடுத்தனுப்புகிறேன்.

அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வீட்டில் உட்கார்ந்து நித்யாவின் படிவத்தை நிரப்பினேன். இராப் பக்கத்தில் 'விழித்துக்கொண்டால் அம்மாவைக் கூப்பிடுவாள்' என்று எழுதினேன். தோளுக்குப் பின்னாலிருந்து நித்யா எட்டிப் படித்தாள்.

"அப்டி இல்லம்மா. டீச்சர் கேட்டாங்க, நான் ஏற்கெனவே சொல்லிட்டேன். நான் முழிச்சிகினா யாரயும் கூப்பிட மாட்டேன். செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்துகினு நூறு வரைக்கும் எண்ணுவேன். அப்பறம் தூக்கம் வந்துடும்."

"எப்பலருந்து?"

"ரொம்ப நாளா. உன்ன எழுப்புனா நீ காலைல எழுந்துக்கணும்னு சொல்லுவல்ல."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை விழித்து, எண்ணி, தூங்கிப்போகிறது. அது எனக்குத் தெரியாது. வசந்திக்குத் தெரியும். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம், அதுவும் வசந்தி மேல். இரண்டு இரவு என் மகள் அவள் பக்கத்தில் படுக்கப் போகிறாள், இன்னும் என்னென்ன சொல்லப் போகிறாளோ, திரும்பி வரும்போது என்னிடம் சொல்ல எதையாவது மிச்சம் வைத்திருப்பாளா என்றே மனம் ஓடியது. படிவத்தைத் திருப்பி உடல்நலக் கட்டத்தில் 'இரவில் மூச்சிரைப்பு, பனிக்காலத்தில் அதிகம்' என்று எழுதினேன். கீழே 'அனுப்ப விருப்பமில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்து அழகாகவே விழுந்திருந்தது.

திங்கட்கிழமை ராஜேஸ்வரி அம்மா அதைப் படித்தார். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். நித்யா ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எப்பலருந்துங்க?"

"போன பனியிலருந்து மேடம்."

"எந்த டாக்டர் கிட்ட காட்டுறீங்க?"

"கை வைத்தியம்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். எதையோ மறுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். "நீங்க தாயாரு. நீங்க எழுதினா எழுதினதுதாங்க" என்று படிவத்தை மற்றப் படிவங்களோடு சேர்த்து வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நித்யாவிடம், "உனக்கு வீசிங் இருக்குது, கடல் காத்து ஆகாது, அடுத்த வருஷம் போலாம்" என்றேன்.

"எனக்கா?" என்றாள். அழவில்லை. எடுத்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

கிளம்பும் நாள் காலை ஐந்தரைக்கு பஸ் பள்ளி வாசலில் வந்து நின்றது. பெயர் கூப்பிட்டு ஏற்றிவிடும் வேலை எனக்கு. என் கணவர் அரக்கோணம் ரயில்வேயில் ஷிப்டுக்குப் போயிருந்ததால் நித்யாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வீட்டு கவுனில் என் புடவையைப் பிடித்தபடி நின்றாள். வசந்தி பஸ்ஸுக்குள் ஜன்னல் ஓரப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் விசில்.

கஸ்தூரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பவானியை ஏற்றிவிட்டு, ஒரு மஞ்சள் பையை உள்ளே கொடுத்துவிட்டு, நிம்மதியாகத்தான் திரும்பினாள். அப்போது நித்யாவைப் பார்த்தாள்.

"பாப்பா இன்னும் ஏறலயா? பையி எங்க டீச்சர்?"

"அவ வரலம்மா."

"வரலயா?"

"கொஞ்சம் உடம்பு சரியில்ல."

கஸ்தூரி நித்யாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன் கொயந்தய ஊட்ல வச்சிகினு எங்கொயந்தய கடலுக்கு அனுப்புறியா? இன்னா தெரிஞ்சிகினு நிறுத்துன? சொல்லு!" என்று கத்தினாள். அதுவரை என்னிடம் அவள் ஒருமையில் பேசியதில்லை. பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸில் ஏறி பவானியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். பவானி வாசல் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நா போறேன்மா, நா போறேன்மா" என்று அலறினாள். வாசலில் நின்ற மற்ற அம்மாக்கள் என்ன ஏது என்று நெருங்கி வந்தார்கள். "சகுந்தலா டீச்சர் பொண்ணே போவலயாம்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. இன்னும் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை ஜன்னல் வழியே பெயர் சொல்லி இறங்கச் சொன்னார்கள். ராஜேஸ்வரி அம்மா படிக்கட்டில் பட்டியலோடு நின்றார். என்னையே பார்த்தார்.

நான் கஸ்தூரியின் கையைப் பிடித்து பஸ்ஸின் பின்பக்கம் அழைத்துப் போனேன். நித்யா என் புடவையை விடாமல் கூடவே வந்தாள். அவளை அனுப்பிவிட்டுப் பேச நேரமில்லை.

"அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல கஸ்தூரி. வீசிங் இருக்குதுன்னு நான்தான் பொய் எழுதினேன்."

"எதுக்கு?"

"வசந்தி டீச்சர்னா அவளுக்கு உயிரு. என்ன விட அவங்களத்தான்... அத என்னால தாங்க முடியல. போயிட்டு வந்தா மொத்தமா அவங்க பக்கம் போயிடுவான்னு நிறுத்திட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல. உன் பொண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. சத்தியமா."

கஸ்தூரி திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பவானி அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் கஸ்தூரி. "எங்கூட்ல இன்னா நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? இது ஊட்டுக்கு வந்தா சகுந்தலா டீச்சர் இப்டி சொன்னாங்க, சகுந்தலா டீச்சர் அப்டி பொடவ கட்டுவாங்கன்னு உங்க பேச்சுதான். நான் ஒரு கணக்கு சொன்னா தப்புன்னுது. டீச்சர் அப்டி சொல்லலன்னுது. அன்னைக்கு எங்கூட்ல குந்திகினு நீங்க எழுதிகினு இருந்தப்ப எனுக்கு வயிறு எரிஞ்சுகினுதான் இருந்துச்சு. அப்பவும் நான் கையெழுத்து போட்டேன் இல்ல?"

என்னோடு சாப்பிட எந்தப் பிள்ளையும் வந்ததில்லை என்று நான் பொருமிய வருஷங்களில், ஒரு வீட்டில் என் பெயர் இப்படி ஓர் அம்மாவை அறுத்துக்கொண்டிருந்தது. அதில் எனக்குப் பெருமையே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

கஸ்தூரி புறங்கையால் பவானியின் முகத்தைத் துடைத்தாள். "போ. ஏறு. பொடவ பையில கீது, மறந்துடாத" என்றாள். பவானி ஏறியதைப் பார்த்து மற்ற இரண்டு அம்மாக்களும் ஜன்னலிலிருந்து விலகினார்கள்.

நான் ராஜேஸ்வரி அம்மாவிடம் ஓடினேன். "மேடம், நித்யாவுக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கட்டத்த அடிச்சிடறேன். வீடு பக்கம்தான், அஞ்சு நிமிஷத்துல துணி எடுத்துகினு வந்துடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா பஸ் வாசல்ல எந்தக் கட்டத்தயும் அடிக்கிறதில்ல. ஊருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு வைக்க முடியாதுங்க." பிறகு குனிந்து, என் பக்கத்தில் நின்ற நித்யாவிடம், "மன்னிச்சிடுங்க கண்ணு" என்றார். என் மகளிடம் மன்னிப்புக் கேட்டவர் அவர், நான் அல்ல. வசந்தி உள்ளேயிருந்து விசில் ஊதினாள். பஸ் அரக்கோணம் சாலைப் பக்கம் திரும்பும்வரை நித்யா கையசைத்தாள்.

அந்த இரண்டு நாளும் அவள் எனக்கே எனக்கு. நான் கேட்டது அதைத்தானே. விடுப்பு எடுத்தேன். மலைக்குக் கூட்டிப் போனேன். பூரி போட்டேன், பாயசம் வைத்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "இன்னும் ஒண்ணு வைக்கவா?" என்றால் "போதும்மா" என்றாள். பின்னலை நான் இறுக்கியபோதும் தலையை அசைக்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளைகள் நடந்துகொள்வதுபோல என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். வசந்தியின் பேரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அந்தப் பேர் இல்லாத வீட்டில்தான் நான் இன்னும் அதிகமாக அவளை நினைத்தேன். இந்நேரம் யார் தலையைப் பின்னுகிறாளோ, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளோ என்று.

நித்யா அடுத்த வருஷம் போனாள், அதற்கடுத்த வருஷமும் போனாள். அவற்றில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அந்த மூன்றாம் நாள் சாயங்காலத்தைத்தான்.

பஸ் வந்து நின்றதும் பிள்ளைகள் உப்புக் காற்றில் சடை பிடித்த தலையோடு இறங்கினார்கள். பவானி இறங்கி நேரே கஸ்தூரியிடம் ஓடி, மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். கடைசியாக வசந்தி இறங்கினாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் நித்யாவின் முன்னால் வந்து குனிந்தாள்.

"நித்யா, வீசிங் எப்படிடா இருக்கு?"

நித்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் நான் கஸ்தூரியிடம் சொன்னது எல்லாவற்றையும் கேட்டவள் அவள். வசந்தியிடம் எதையும் மறைக்காதவள். ஒரு நொடிதான்.

"ஆங், ரெண்டு நாளா இருந்துச்சு டீச்சர். இப்ப பரவால்ல" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு தரம் இருமினாள். எப்படி இரும வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

எட்டு வயதுப் பிள்ளை. தன் டீச்சரிடம் எனக்காகப் பொய் சொன்னாள். அவள் என் பக்கம் நிற்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்தேன். நின்றுவிட்டாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவளுக்கு வீசிங்கே கெடையாது வசந்தி" என்றேன். "நான்தான் பொய் எழுதினேன்."

"ஏங்க்கா?"

"உன் கூட வந்தா என்ன மறந்துடுவான்னு."

வசந்தி விசில் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். என்னை விட்டுவிட்டு நித்யாவைப் பார்த்தாள். நித்யா இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் வசந்தியின் மேலேயே இருந்தது.

"போ. என்ன பாத்தாங்கன்னு போய்க் கேளு" என்றேன்.

நிஜமாகவா என்பதுபோல ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு போய் வசந்தியின் விரலைப் பிடித்தாள். "கடல் எம்மாம் பெருசு டீச்சர்? நம்ம மலைல ஏறி நின்னா அதோட அந்தக் கர தெரியுமா?" இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வசந்தி பள்ளிப் படியில் உட்கார்ந்து அவளை மடியோடு சேர்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக என் மகள் சிரிப்பது கேட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சமும் குறையவில்லை. நேரமாகிவிட்டது என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. அவள் கேட்டு முடிக்கும்வரை பள்ளி வாசலிலேயே நின்றிருந்தேன்.